உறை போடாத ஏழு மாதங்கள்

என் கணவர் பெற்றோல் வரிசையில்தான் விழுந்தார். தட்டுப்பாட்டால் நாடே வரிசையில் நின்ற காலம் அது. கல்முனை எரிபொருள் நிலையத்துக்கு முன்னால், மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டியபடி இரண்டாவது நாளாக நின்றவர், உச்சி வெயிலில் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறார். அவருக்கு முன்னால் நின்றவரும் பின்னால் நின்றவரும் தங்கள் இடத்தை விட்டுவிட்டு அவரை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் காத்திருந்து பிடித்த இடத்தை விட்டுவிட்டு வந்த அந்த மனிதர்கள் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிளை வேறு யாரோ பூட்டி, திறப்பை நிலையத்தில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

பாரிசவாதம் என்றார் டொக்டர். வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. அந்தச் சொல் ஏன் மிஞ்சியது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. 'சரி' என்பார். பசித்தாலும் சரி. வலித்தாலும் சரி. தண்ணீர் வேண்டாம் என்பதற்கும் சரிதான். குரலை வைத்துத்தான் எது எதுவென்று பிரித்துக்கொள்ள வேண்டும். மூன்று வாரத்தில் நான் அந்த மொழியைப் படித்துவிட்டேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் முஸ்லிம் பெண்கள் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். அவர் அரசாங்கக் காரியாலயத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். என் சம்பளமும் அவருடைய ஓய்வூதியமும், அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த ஒன்றரை ஏக்கர் வயலும்தான் எங்கள் வரும்படி. அந்த வரும்படியில் பத்தில் ஒன்று முப்பது வருடமாகச் சபைக்குப் போய்க்கொண்டிருந்தது.

இதில் நான் பெருமைப்பட எதுவுமில்லை. அது முழுக்க அவருடைய காரியம். நான் பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவள். எங்கள் வீட்டில் காணிக்கை என்றால், ஞாயிறு காலையில் அம்மா கைக்குட்டை நுனியில் முடிந்து தரும் சில்லறைதான். அவர் பாண்டிருப்பில் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்து, என்னைக் கட்டுவதற்குச் சற்று முன்னர் ஞானஸ்நானம் எடுத்தவர். பின்னால் வந்து சேர்ந்ததாலோ என்னவோ, எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார். சம்பளத்தில் வீட்டுக் கடன், சங்கச் சந்தா எல்லாம் கழித்துக் கையில் வருவதில் பத்தில் ஒன்று கொடுத்தால் போதாதா என்று கலியாணமான புதிதில் கேட்டேன்.

"கடன் வாங்கினது நாம. அதக் கர்த்தர்ட பங்கில கழிக்கேலுமா?" என்றார்.

முழுச் சம்பளத்திலும் கொடுத்தார். வெள்ளத்துக்கு நட்டஈடு வந்தபோது அதிலும் எடுத்து வைத்தார். பழைய குளிர்சாதனப் பெட்டியை விற்ற காசுக்கு மட்டும் இல்லை என்றார். அதை வாங்கிய காசுக்கு ஏற்கனவே கொடுத்தாயிற்றாம். அவருக்கு அதில் ஒரு தர்க்கம் இருந்தது, சந்தோசமும் இருந்தது. மாதக் கடைசியில் சபை தந்த உறையில் காசை வைத்து, நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி, மேசையில் நிமிர்த்தி வைப்பார். அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். பக்கத்தில் நின்று பார்க்கும் எனக்கு அது வரவில்லை. எரிச்சலும் வரவில்லை. பழகிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மாதக் கடைசியில், படுத்திருந்தபடியே இடது கையின் சுட்டுவிரலைத் தூக்கிக் காட்டினார். எனக்கு உடனே விளங்கியது. பத்தில் ஒன்று. உறையைக் கொண்டுவந்து அவர் கண்ணுக்கு முன்னால் காசை வைத்து ஒட்டினேன். அந்த மாதம் அதைக் கொண்டுபோய்ப் போட்டும் விட்டேன்.

அடுத்த மாதம் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு வகைக் குளிசை முடிந்துபோய், வெளியில் வாங்கச் சொல்லி எழுதித் தந்தார்கள். அவருக்குக் கட்டிவிடும் பம்பஸின் விலை மூன்று மடங்காகியிருந்தது. கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பிள்ளைக்கும் காசு கொடுக்க வேண்டும். அவர் விரலைத் தூக்கினார். நான் உறையில் காசை வைத்து ஒட்டினேன். ஞாயிறு காலையில் பக்கத்து வீட்டு அக்காவை அவருக்குத் துணைக்கு இருக்கச் சொல்லிவிட்டுப் போனவள், வழியில் பாமசி திறந்திருப்பதைக் கண்டு நின்றேன். உறையைக் கிழித்தேன். முதலாளி காசை எண்ணி வாங்கிக்கொண்டு பம்பஸ் கட்டைத் தந்தார். அதோடு உடனே வீட்டுக்குத் திரும்ப முடியாது. அவருக்குச் சந்தேகம் வரும். ஆராதனை முடியும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு கோயிலில் கடைசி வாங்கில் இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் என்னைப் பார்த்தார்.

"ஓம், போட்டுட்டன்" என்றேன்.

"சரி" என்றார். அது நிம்மதியின் சரி.

பொய் சொன்னதைவிட, அது எவ்வளவு லேசாக வந்தது என்பதுதான் என்னை அரித்தது. அடுத்த மாதமும் அப்படியே செய்தேன். அதற்கடுத்த மாதம் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டேன். அவரைத் தனியே விட முடியாது என்று எல்லாரிடமும் சொன்னேன். அதுவும் உண்மைதான். உறையை மட்டும் அக்காவிடம் கொடுத்தனுப்புவதாக அவரிடம் சொன்னேன். அக்கா சைவம், எங்கள் கோயில் வாசல்கூட மிதித்தவரல்ல. என் கணவருக்கு அதை யோசிக்கத் தோன்றவில்லையா, யோசித்தும் என்னை நம்பினாரா தெரியாது.

ஜெபம் என்று உட்கார்ந்தால் தூக்கம் வந்தது. காலையில் நாலரைக்கு எழும்பி, அவரைத் துடைத்து உடுப்பு மாற்றி, கஞ்சி ஊட்டி, அவரை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் பாடசாலைக்கு ஓடி, எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சதவீதம் படிப்பித்து, இரண்டு மணிக்கு வந்து மறுபடி அவரைப் புரட்டிப்போட்டு முதுகைத் துடைக்க வேண்டும். புண் வரக் கூடாது. அவர் மெலிந்திருந்தாலும் உயரமான மனிதர். என் இடுப்பு அப்போது பிடித்ததுதான், இன்னும் விடவில்லை.

வயலை நம்பியிருந்தேன். அது வரிப்பத்தான்சேனைப் பக்கம் கிடக்கிறது. அந்த ஊர் முஸ்லிம் ஒருவர் பல வருடமாகக் குத்தகைக்குச் செய்கிறார். அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்று கூப்பிடுவோம். அறுவடை முடிந்ததும் பதினைந்து மூட்டை நெல்லை லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு அவரே வருவார். அந்த வருடம் நாலு மூட்டையோடு வந்தார்.

முற்றத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே என் கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். 

"உரமும் இல்ல டீச்சர். மிஞ்சினத அறக்கொட்டிப் பூச்சி திண்டிட்டு. எனக்கு நிண்டது ஆறு மூட்டை. ஒங்களுக்கு நாலு. குறை நினைக்காதீங்க."

"உங்களுக்கு என்ன மிஞ்சப்போகுது காக்கா, செலவுக்கே காணாதே" என்றேன்.

முன்பெல்லாம் காக்காவும் என் கணவரும் ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரே கதையைக் கதைப்பார்கள். என் கணவர் தன் பத்தில் ஒன்றைப் பற்றிச் சொல்வார். காக்கா தன் பயிர் ஸகாத்தைப் பற்றிச் சொல்வார். மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, செலவழித்துத் தண்ணீர் பாய்ச்சினால் இருபதில் ஒன்று என்று காக்கா சொன்னது ஞாபகம். "செலவழிச்சவண்ட கஷ்டமும் அவனுக்குத் தெரியும்தானே" என்று மேலே காட்டியிருந்தார். என் கணவர் அதை ரசித்துச் சிரித்தாலும், தன் கணக்கில் ஒரு சதமும் குறைத்தவரில்லை.

இப்போது அவர் கட்டிலில் படுத்தபடி மூட்டைகளைப் பார்த்தார். பிறகு விரலைத் தூக்கினார். காக்காவுக்கு முகம் மாறியது. அவர்கள் தொழுகையில் ஒரு விரலைத் தூக்குவார்கள் அல்லவா, அதை நினைத்துவிட்டார் போலும். குனிந்து, "என்ன செல்றாரு டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நாலு மூட்டைலயும் பத்தில ஒண்டு எடுக்கட்டாம்."

காக்கா அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

"நமக்கு இந்த முற கடமையில்ல. இவ்வளவுக்குக் கீழ விளைஞ்சா குடுக்கத் தேவல்ல எண்டு ஒரு அளவு இரிக்கி. எனக்கு அந்த அளவு வரல்ல. வாப்பாட காலத்தில இருந்து ஒரு வருசமும் இப்புடி ஆனதில்ல. ஒங்களுக்கு அப்புடி அளவு ஒண்டும் இல்லயா?"

"சரி" என்றார் என் கணவர். அது இல்லை என்பதன் சரி.

காக்கா போன பிறகு அந்த அளவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். இதற்குக் கீழே போனால் உன்னிடம் கேட்கப்பட மாட்டாது என்று ஒரு கோடு. எங்கள் போதகர்கள் எத்தனையோ பேர் தசமபாகத்தைப் பற்றிப் பிரசங்கித்துக் கேட்டிருக்கிறேன். கோடு எங்கே இருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. எனக்கு அன்றைக்குப் பொறாமையாக இருந்தது.

நாலு மூட்டையில் ஒன்றை விற்றேன். மற்றவற்றைக் குற்றிச் சோற்றுக்கு வைத்தேன். பத்தில் ஒன்று அக்காவிடம் போய்விட்டது என்று அவரிடம் சொன்னேன். ஓர் அர்த்தத்தில் அது உண்மை. பகலெல்லாம் அவரைப் பார்த்துக்கொள்ளும் அந்த மனுஷிக்கு ஐந்து கிலோ அரிசி கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

உறை போகாத ஏழாவது மாதம் போதகர் வந்தார். சபைக்குப் புதிதாக மாற்றலாகி வந்த இளம் மனிதர். வீட்டில் வைத்துத் திருவிருந்து கொடுக்க வந்திருந்தார். என் கணவருக்கு அன்று காலையிலிருந்தே சந்தோசம். வெள்ளைச் சேட்டுத்தான் வேண்டும் என்று அலுமாரியைக் காட்டினார். வலது கையை அதற்குள் நுழைக்க எனக்குக் கால் மணித்தியாலம் எடுத்தது.

ஜெபம் முடிந்து அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் கொடுத்த பிறகு, என் கணவர் போதகரைப் பார்த்து விரலைத் தூக்கினார். போதகர் கண்கலங்கி, "ஓம் ஐயா, அவர் ஒருவர்தான் நமக்குத் துணை" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே அது அடங்கிவிட்டது. போதகர் தன் பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

"அம்மா, இது சபையிட உதவி நிதியில இருந்து. எங்களில பிழை. ஐயாட உறை ஏழு மாசமா வரயில்ல எண்டு சபைக் கணக்குப் பாக்கிற உக்கிராணக்காரர் போன கிழமைதான் சொன்னவர். அதக் கேக்க நான் வரயில்ல. முப்பது வருசமா தவறாத உறை நிண்டிருக்கெண்டா வீட்டில என்ன கஷ்டமோ எண்டுதான் எங்களுக்கு யோசினை. நாங்க முந்தியே வந்து பாத்திருக்கோணும்."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அவ்வளவு பண்போடு சொன்னார். நான் என் கணவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன்.

"சரி" என்ற குரல் கேட்டது. இத்தனை மாதத்தில் நான் படித்த சரிகளில் அது இல்லை.

போதகர் போனதும் அவர் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இரவுக் குளிசையைக் கொடுத்தபோது வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையிலும் இல்லை. பாடசாலை விட்டு வந்தபோது அக்கா படலையிலேயே நின்றார்.

"கஞ்சி குடிச்சவர். குளிசையத் துப்பிட்டார். நான் ரெண்டு தரம் குடுத்துப் பாத்தன். என்ன பிள்ள நடந்த?"

அன்றும் மறுநாளும் அப்படியே கழிந்தது. இரத்த அழுத்தத்துக்கான குளிசை அது. விட்டால் இன்னொரு முறை வரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். எனக்கு விளங்கியது. கர்த்தருடைய காசில் வாங்கிய குளிசையை அவர் விழுங்க மாட்டார்.

மூன்றாம் நாள் பிற்பகல் பாடசாலைச் சேலையைக்கூட மாற்றாமல் அவர் முன்னால் நின்றேன். முப்பது வருடத்தில் அவரோடு அப்படி நான் கதைத்ததில்லை.

"இஞ்ச பாருங்க. அந்தக் காச நான் என்ன செய்தன் எண்டு தெரியோணுமா? உங்கட மூத்திரத்துக்குச் செலவழிச்சன். குளிசைக்குச் செலவழிச்சன். ஒரு சேலை வாங்கயில்ல, ஒரு சோடா வாங்கிக் குடிக்கயில்ல. கர்த்தர் கேட்டா அவருக்கு நான் சொல்லிக்கொள்ளுவன். உங்களுக்குச் சொல்ல எனக்கு ஏலாமப் போச்சு, அது பிழை. ஆனா நீங்க செத்துப்போனா பத்தில ஒண்டு மட்டுமா போகும்? எனக்கு மிஞ்சிறது என்ன? சொல்லுங்க. அதுக்கும் சரி எண்டுதான் சொல்லப் போறீங்களா?"

 அவர் கண்ணீர் இடது பக்கமாக வழிந்து காதுக்குள் போனது. துடைக்க எனக்கு மனம் வரவில்லை. உடம்பிலும் சக்தி இல்லை. கட்டிலுக்குக் கீழே சீமெந்துத் தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன்.

தலையில் ஏதோ பட்டு விழித்தேன். அவருடைய இடது கை. வெயில் இறங்கியிருந்தது. மேசையில் இருந்த குளிசையை அவர் காட்டினார். கொடுத்தேன். விழுங்கினார். பிறகு யன்னல் வழியாக முற்றத்தைக் காட்டினார். அங்கே பழைய சாக்கால் மூடியபடி மோட்டார் சைக்கிள் நின்றது.

"விக்கட்டா?"

"சரி."

"வித்து உறைக்கா?"

"சரி."

சாய்ந்தமருதில் இருந்து ஒருவர் வந்து வாங்கினார். பெற்றோல் இல்லாத நாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன விலை வரும்? கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் கிடைத்தது. காசைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்து, ஏழு மாதத்துக்கு உரியதைப் பிரித்தேன். அது ஏறக்குறைய பாதி. அவர் அதைத் தன் கையால் என் பக்கம் தள்ளினார். பிறகு தலையணைக்குக் கீழே கையை விட்டு, போதகர் தந்த கடித உறையை எடுத்தார். அது இன்னும் ஒட்டியபடியே இருந்தது. அதையும் என் பக்கம் தள்ளினார். திருப்பிக் கொடு என்று அர்த்தம்.

"அது ஏலாது" என்றேன்.

"சரி!" என்றார் கோபமாக.

"முதலாவது உங்கட மனசு. அதக் கொண்டுபோய்க் கட்டுறன். ரெண்டாவது என்ட விசயம். முப்பது வருசம் போட்டம். அந்தக் காசு எத்தின வீட்டுக்குப் போயிருக்கும், அந்தச் சனமெல்லாம் வெக்கப்பட்டுத் திருப்பிக் குடுத்ததா? வாங்கினவங்கதானே? நாங்க மட்டும் என்ன பெரிய ஆக்கள்?"

அவர் வெகுநேரம் என்னைப் பார்த்தார். கொடுப்பதற்கு ஒரு முறை வைத்திருந்த மனிதர், வாங்குவதற்கு ஒன்றும் வைத்திருக்கவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டார். சம்மதமா, களைப்பா என்று நான் கேட்கவில்லை.

அந்த வாரமே பாடசாலை விட்டு நேரே போதகரின் வீட்டுக்குப் போனேன். ஏழு உறைகளை அவர் கையில் கொடுத்தேன். அவர் திகைத்துப்போனார்.

"இது என்னம்மா?"

"அவர்ட ஏழு மாசம்."

"அப்ப நாங்க தந்தது?"

"அது என்ட. நான் வச்சுக்கொள்ளுறன்."

போதகர் கொஞ்ச நேரம் உறைகளைப் புரட்டிக்கொண்டே நின்றார். வாங்குவதா விடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. "அம்மா, இத நீங்க தர வேணுமெண்டு சபை எதிர்பாக்கயில்ல" என்றார்.

"தெரியும் ஐயா. அவர் எதிர்பாக்கிறார். வாங்கிக்கொள்ளுங்க. வாங்காட்டி அவர் குளிசை குடிக்க மாட்டார்."

வாங்கிக்கொண்டார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நேரமில்லை என்று வந்துவிட்டேன்.

அதன் பிறகு நாங்கள் ஒரு ஒழுங்குக்கு வந்தோம். அவருடைய ஓய்வூதியம் அவருடையது. அதில் பத்தில் ஒன்று இன்றுவரை போகிறது. என் சம்பளத்தில் எவ்வளவு என்று நான் தீர்மானிக்கிறேன். சில மாதம் கொஞ்சம் கொடுக்கிறேன், சில மாதம் இல்லை. இல்லாத மாதத்தில் இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் குளிசை குடிக்கிறார்.

 கர்த்தர் நம் கையில் தந்ததைப் பொறுப்பாகப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எனக்குத் தந்தவற்றில் காசும் ஒன்று, அந்த மனிதரும் ஒன்று. இரண்டையும் ஒரேயடியாகப் பார்த்துக்கொள்ள எனக்கு வலு போதவில்லை. நான் செய்ததைப் பாவம் என்று அறிக்கையிட்டுமிருக்கிறேன், பாவமில்லை என்று வாதாடியுமிருக்கிறேன். எதுவும் இடுப்பு வலியைக் குறைக்கவில்லை.

இப்போது அவர் ஊன்றுகோலோடு வாசல்வரை நடக்கிறார். பேச்சில் முன்னேற்றம் இல்லை. அடுத்த போகத்தில் வயல் கொஞ்சம் தேறியது. எனக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. கோயிலுக்குத் திரும்பவும் போகத் தொடங்கிவிட்டேன். மின்விசிறிக்குக் கீழே இடம் பார்த்து உட்காருவேன். பாட்டு முடிந்து போதகர் பிரசங்கத்தைத் தொடங்கினால், பாதி நாள் எனக்குத் தூக்கம் வந்துவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் தெரிந்துகொண்டே சற்று நகர்ந்து இடம் விடுகிறார்கள். ஒருவரும் எழுப்புவதில்லை.